விசா இல்லாத புழுவும் ராஜம்மாளின் அப்பாவும்

கலியாண வீடுகளில் என் பக்கத்துக் கதிரை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கிரவீன், டூங்கபி, பெண்டில் ஹில் என்று சிட்னியின் மேற்கில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே கதைதான். யாராவது ஓர் அன்ரி சிரித்த முகத்தோடு வருவார். கிட்ட வந்ததும் என்னை அடையாளம் கண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போலத் திரும்பிவிடுவார். நான் யார் குடியையும் கெடுத்தவள் அல்ல. விமான நிலையத்தில், வெளிநாட்டுக் காயும் மண்ணும் பூச்சியும் உள்ளே வராமல் தடுக்கும் குவாரன்டைன் அதிகாரியாக வேலை பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் எந்தக் காலத்திலோ அவருடைய பெட்டியிலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை எடுத்துத் பறிமுதல் தொட்டியில் போட்டிருப்பேன். மாம்பழத்தை மறந்தாலும், எடுத்தவளை மறப்பார்களா?

ஓய்வு பெற்ற பிறகு பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். என்னென்ன கொண்டுவருகிறோம் என்று பயணிகள் நிரப்பிக் கொடுக்கும் அட்டை இனிமேல் கைபேசிக்குள் போகப்போகிறதாம். "இனி ஆட்கள் பொய் சொல்வது குறைந்துவிடும், மங்கை" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அந்த அட்டையில் பொய் சொல்வதே இல்லை. அதை விளக்கப் போய், கடைசியில் ராஜம்மாளின் கதையில் வந்து நின்றேன். எல்லாருடைய சாப்பாடும் ஆறிவிட்டது. கேட்காதவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் விவசாயம் படித்தவள் நான். இங்கே வந்து முதலில் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை தரம் பிரித்தேன், பிறகு பரீட்சை எழுதி இந்த வேலைக்குள் நுழைந்தேன். பயிற்சியில் வண்டு, பூஞ்சணம், மாட்டுக் காய்ச்சல் என்று படம் படமாகக் காட்டினார்கள். மனிதர்களின் படத்தை மட்டும் காட்டவில்லை. அவர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் என் மேலதிகாரி ரெனாட்டோவிடம்தான்.

ரெனாட்டோ இத்தாலியில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து இறங்கியவர். ஒவ்வொரு விரலாக இழுத்து இழுத்துத்தான் கையுறை மாட்டுவார். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "துரதிர்ஷ்டவசமாக..." என்று ஆரம்பிப்பார், அதற்கு மேல் சொல்ல அவசியமிருக்காது. ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த சலாமி இறைச்சியை மஞ்சள் தொட்டியில் போடும்போதுகூட, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெதுவாக வைப்பார். சொந்தப் பெரியம்மாவின் சலாமியையும் அப்படித்தான் வைத்தார் என்று அலுவலகத்தில் ஒரு கதை உலவியது. உண்மையா என்று நேரடியாகவே கேட்டேன். "தவறு. அது பெரியம்மா இல்லை, மாமியார்" என்று திருத்தினார்.

விசாரணையில் அவருக்கு ஒரு முறை உண்டு. பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, உள்ளே என்ன இருக்கிறது, சாப்பாட்டுப் பொருள் ஏதாவது உண்டா என்று கேட்பார். பிறகு பேசாமல் நிற்பார். கோபமும் இல்லை, முறைப்பும் இல்லை, சும்மா நிற்பார். வெள்ளைக்காரர்களும் பதிலுக்குச் சும்மா நிற்பார்கள். எங்கள் ஆட்களால் அது முடியாது. எதிரில் ஒருவர் பேசாமல் நின்றால் நமக்கு மரியாதைக் குறைவாகப் படும், ஏதாவது சொல்லிச் சமாளிக்கத் தோன்றும். "கொஞ்சம் முருங்கைக்காய்தான் சேர்..." என்று ஆரம்பித்து, வெற்றிலை, எலுமிச்சங்காய், பூசை அறுகம்புல் என்று பெட்டியின் அடிவரைக்கும் தாங்களே போய்விடுவார்கள். ரெனாட்டோ தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் ஆட்கள் பொய் சொல்வதில்லை என்றேன் அல்லவா? அட்டையில் 'உணவுப் பொருள்' என்று இருக்கும். இல்லை என்று கோடு போட்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு தோட்டத்துக் கறிவேப்பிலை பச்சைப் பசேலென்று படுத்திருக்கும். "இதென்ன அன்ரி?" என்று கேட்டேன் ஒருமுறை. "பிள்ளை, கறிவேப்பிலை சாப்பாடே? அதை எடுத்து ஒதுக்கிப் போட்டுத்தானே நாங்கள் சாப்பிடுறனாங்கள்!" என்றார் அந்த அன்ரி, உண்மையான ஆச்சரியத்தோடு. இதை ரெனாட்டோவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "துரதிர்ஷ்டவசமாக, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது" என்றார். கறிவேப்பிலை தொட்டிக்குத்தான் போனது.

ரெனாட்டோவை வாய் திறக்க வைக்க ஒரே வழி அவருடைய ஊரைப் பற்றிக் கேட்பதுதான். ரோமிலிருந்து மலைகளைத் தாண்டிக் கிழக்கே போனால், கடலுக்கு முன்னால் வரும் சின்ன ஊர். "ஒரு தேவாலயம், ஓர் ஆறு, ஒரு மலை, ஒரு யுத்தம். எல்லாவற்றிலும் ஒவ்வொன்றுதான் எங்களுக்கு. பேக்கரி மட்டும் இரண்டு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்பார். ஊர்ப் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. சொன்னால் சுற்றுலாக்காரர்கள் வருவார்களாம், அவர்களுக்காக மூன்றாவது பேக்கரி வந்துவிடுமாம். நானும் இன்றுவரை சொன்னதில்லை.

அந்த யுத்தம் உலக யுத்தம். மலைமேல் ஜெர்மன்காரர், ஆற்றின் இந்தப் பக்கத்தில் பிரிட்டிஷ் படையும் அதோடு வந்த இந்தியச் சிப்பாய்களும், நடுவில் ரெனாட்டோவின் ஊர். ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பக்கத்துக் குண்டும் அந்த ஊரின்மேல்தான் விழுந்தது. அவருடைய அம்மா அப்போது சிறுமி, சனத்தோடு குகைக்குள் ஒளிந்திருந்தாராம். இன்றும் அங்கே வயலை உழுதால் இரும்புத் துண்டு வருமாம். ஊரெல்லையில் யுத்த நினைவிடம் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். இந்துச் சிப்பாய்களை எரித்துவிட்டதால் அவர்களுக்குக் குழி இல்லை, ஒரு சுவரில் பெயர்களை மட்டும் பொறித்திருக்கிறார்கள். இதெல்லாம் தேநீர் இடைவேளைகளில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

ராஜம்மாள் வந்தது ஒரு காலை நேரத்து விமானத்தில். எண்பதை எட்டிய உடம்பு, கைத்தறிச் சேலை, அதன்மேல் மகனுடைய கம்பளிச் சட்டை. மகன் சேகர் டூங்கபியில் வீடு வைத்திருக்கும் என்ஜினியர், வேலூர்ப் பக்கத்து ஆள். அவர்களுடைய பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனபோது நடுவில் கன்னங்கரேலென்று ஓர் உருண்டை தெரிந்தது. பித்தளைச் செம்புக்குள் கதிர் நுழையாது. பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் வாயைத் திறக்குமுன்பே அந்த அம்மா என் சட்டையில் இருந்த பெயரைக் காட்டி மகனிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"ஏம்மா, நீ தமிழா?"

"ஓம் அம்மா. பெட்டிக்குள்ள ஒரு செம்பு இருக்குதே, அதுக்குள்ள என்ன?"

"எங்க அப்பா" என்றார்.

சேகரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அம்மா! காலிச் சொம்புன்னு சொன்ன! சாரி மேடம், இவங்க எம்ப்டின்னுதான் சொன்னாங்க, ஐ ஸ்வேர்."

"உன்கிட்ட சொல்லியிருந்தா தூக்கிக்கினு வர வுட்டிருப்பியா?" என்றார் ராஜம்மாள், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மனித அஸ்தியைக் கொண்டுவரத் தடையில்லை. எரித்ததற்கான பத்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பார்த்துத் திருப்திப்பட்டால் விட்டுவிடலாம். எத்தனையோ கலசங்களை நானே கைகூப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் அமைதியாகத்தான் செம்பின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தேன். உள்ளே ஈரமான கரிய மண். புல்வேர். அந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டி, சிட்னி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

"அம்மா, இது மண்ணெல்லோ?"

"மண்ணுதான். அதிலதான் அவரு கீறாரு."

பிறகு அவர் நின்றபடியே சொன்னார். அவருடைய அப்பா பாலம் போடும் பட்டாளத்தில் இருந்தவர். குண்டு விழவிழ ஆற்றின்மேல் பாலம் கட்டப் போய் இத்தாலியில் செத்துப்போனார். அப்போது ராஜம்மாள் அம்மா வயிற்றில். ஒரு தந்தி வந்தது, அவ்வளவுதான். உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. இந்த வயதில் மகனை நச்சரித்து இத்தாலி வரைக்கும் போயிருக்கிறார். சுவரில் அப்பாவின் பெயர் இருந்தது. சேகர் படித்துக் காட்டியிருக்கிறான். நினைவிடத்துக் காவலாளிக் கிழவர் அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், இந்துச் சிப்பாய்களை எரித்தது இங்கேதான் என்று கையால் காட்டியிருக்கிறார். சேகர் படம் எடுப்பதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் அந்த இடத்தில் குனிந்து செம்பை நிரப்பிவிட்டார்.

"எண்பது வருஷம் ஆச்சும்மா. எத்தினி வெள்ளம் போயிருக்கும். சாம்பல்லாம் எங்க இருக்கப்போவுது?" என்றான் சேகர், தாழ்ந்த குரலில்.

"தண்ணி போவும். மண்ணு எங்கடா போவும்? ஊர்ல நெலத்தயும் வித்தாச்சி. நான் சாவப்போறது உன் டூங்கபிலதான். எங்கப்பன இங்கயாவது ஒரு எடத்துல வெச்சி, வருஷத்துக்கு ஒருவாட்டி சோறு போடலாம்னு பாத்தா, நீ வெள்ளக் கணக்கு பேசற."

சாம்பல் என்றால் உள்ளே வரலாம், மண் என்றால் வரக்கூடாது. எண்பது வருஷத்துக்கு முன்னால் மண்ணோடு கலந்த சாம்பலுக்கு என்ன சட்டம் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. நான் ரெனாட்டோவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டியபடி எந்த ஊர் மண் என்று கேட்டார். ராஜம்மாள் ஊர்ப் பெயரைச் சொன்னார். ரெனாட்டோவின் இரண்டாவது விரல் அப்படியே நின்றது.

"அங்கே எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேள்" என்றார் என்னிடம்.

"கோயிலுக்கு எதிர்ல ஒரு ரொட்டிக்கடை. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ராஜம்மாள். மொழிபெயர்த்தேன். ரெனாட்டோவின் முகம் வாடியது. அவருடைய குடும்பம் பரம்பரையாக மற்றப் பேக்கரியின் கட்சி.

பிறகு அவர் செம்புக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் பிறந்த ஊரின் மண் அது, அவருடைய அம்மா ஒளிந்திருந்த மலையின் அடிவாரம். மாமியாரின் சலாமியையே விடாத மனிதர் என்ன செய்யப்போகிறார் என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அந்தப் புழு மறுபடியும் வெளியே வந்தது.

"துரதிர்ஷ்டவசமாக..." என்றார் ரெனாட்டோ. ஒரு மூச்சு விட்டார். "தகப்பனார் உள்ளே வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தப் புழுவுக்கு விசா இல்லை."

விசா இல்லாத எங்கள் சனம் வில்லாவுட் தடுப்பு முகாமில் வருஷக்கணக்காக இருந்ததைப் பார்த்தவள் நான். புழுவுக்கு அந்த வசதியும் கிடையாது. புழு இருந்த மண், புழு முட்டை இருக்கக்கூடிய மண், முழுவதும் போகத்தான் வேண்டும். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். மாம்பழத்துக்கு அழுதவர்கள் உண்டு, என்னைச் சபித்தவர்கள் உண்டு. அப்பாவைப் பறிமுதல் செய்கிறேன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ராஜம்மாள் அழவில்லை. மஞ்சள் தொட்டியைப் பார்த்தார். அதில் அதுவரைக்கும் சேர்ந்திருந்த யாரோ ஒருவரின் ஆப்பிளையும் சலாமியையும் பார்த்தார்.

"எங்கப்பன இந்தக் குப்பையிலயா போடப் போற?"

"குப்பைக்குப் போறேல்ல அம்மா. இதெல்லாத்தையும் பெரிய உலையில வைச்சு எரிப்பினம்."

"எரிப்பாங்களா?"

"ஓம். சாம்பலாகும்வரைக்கும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ரெனாட்டோவின் மௌனத்தையே தோற்கடிக்கிற மௌனம் அது. மேலதிகாரி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நானே போடறேன்" என்றார் ராஜம்மாள். "அன்னிக்கி அவருக்கு யாரு கொள்ளி வெச்சாங்களோ, வெச்சாங்களோ இல்லியோ. பெத்த பொண்ணு இருக்கறேன். என் கையாலயே போவட்டும்."

மொழிபெயர்த்தேன். பயணி தொட்டியைத் தொடக்கூடாது, பறிமுதல் செய்த பொருளை அதிகாரிதான் போட வேண்டும். ரெனாட்டோ "துரதிர்ஷ்ட..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லை அவர் முடிக்காமல் விட்டதும் அன்றுதான். உள்ளே போய் ஒரு புது மஞ்சள் பை எடுத்துவந்து, உதறி, சலாமியும் ஆப்பிளும் இல்லாமல் தனியாக மேசைமேல் விரித்துப் பிடித்தார். கூடவே ஒரு சோடிக் கையுறையையும் நீட்டினார்.

"அப்பனுக்குக் கொள்ளி வெக்கறதுக்கு ஒற போட்டுக்குவாங்களா?" என்றார் ராஜம்மாள்.

"அப்படியானால் பிறகு கையை நன்றாகக் கழுவ வேண்டும் என்று சொல்" என்றார் ரெனாட்டோ.

"சுடுகாட்டுலேர்ந்து கை கழுவாம யாரு வூட்டுக்குப் போவா? குளிக்கவே எடம் கேக்கணும் உங்ககிட்ட!"

அவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மெதுவாகக் கவிழ்த்தார். மண் பைக்குள் விழுந்தது. சேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் செம்பின் அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். மண்ணோடு அள்ளும்போது வந்துவிட்ட ஆற்றுக் கற்கள் சில, உள்ளங்கை அளவில் ஒன்று, மற்றவை சின்னவை. அவையும் பைக்குள் விழுமுன் ரெனாட்டோவின் கை செம்பின் வாயைப் பொத்தியது.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மண்ணுக்குத் தடை. மண் ஒட்டாத சுத்தமான கல்லுக்குத் தடை கிடையாது.

"இந்தக் கல் நினைவிடத்திலிருந்து எடுத்ததா?" என்று கேட்கச் சொன்னார்.

"அங்கேர்ந்து எடுப்பனா? ஆத்துலேர்ந்து வந்தது" என்றார் ராஜம்மாள்.

"கல்லுக்குத் துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை" என்றார் ரெனாட்டோ.

செருப்புகளில் ஒட்டிய சேற்றைக் கழுவுவதற்கென்று எங்களிடம் ஒரு தொட்டி உண்டு. விவசாயிகளின் சப்பாத்துகளையும் மலையேறிகளின் சப்பாத்துகளையும் தேய்த்துத் தேய்த்து என் முதுகு வளைந்தது அங்கேதான். அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தேய்த்தேன், மருந்து போட்டேன், மறுபடி தண்ணீர் விட்டேன். உள்ளங்கை அளவுக் கல்லில் ஒரு வெடிப்பு இருந்தது, அதற்குள் மண். ஊசியால் நோண்டி எடுத்தேன். ரெனாட்டோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இன்னொரு தரம்" என்றார். மறுபடியும் கழுவினேன். பக்கத்தில் கைகழுவிக்கொண்டிருந்த ராஜம்மாள் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"இத்தினி நாளு எனக்கு இது தோணலியே! எங்க ஊர்ப் பக்கம் சண்டையில செத்தவனுக்குக் கல்லுதான் நடுவாங்க. வேடியப்பன்னு சொல்லுவோம். அவன் ஒடம்பு எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கல்லத் தண்ணில குளிப்பாட்டி நட்டா அவன் வந்துட்டான்னு அர்த்தம். நான் என்னடான்னா மண்ண சொமந்துக்கினு வந்திருக்கிறேன். நீ குளிப்பாட்டிட்ட பாரு!"

நான் கையில் தூரிகையோடு நின்றேன். என் சீவியத்தில் அதுவரைக்கும் யாரும் என் வேலையைச் சடங்கு என்று சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெனாட்டோ மஞ்சள் பையின் வாயைக் கட்டி, சிவப்புச் சீட்டை ஒட்டி, வண்டியில் தூக்கிப் போடாமல் தானே நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து, சிட்னியில் கோடை எரிக்கும் மாசி மாதத்தில், சேகர் தொலைபேசியில் கூப்பிட்டான். அம்மா கல் நடுகிறாராம், இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டுமாம். டூங்கபியில் வீட்டுக் கொல்லையில், துணிக்கொடிக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில் இடம் சுத்தம் பண்ணியிருந்தார்கள். ரெனாட்டோ சூட்டும் தொப்பியுமாக வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி பிஸ்கட். வாசலில் வைத்தே சேகர் சிரித்துக்கொண்டு, "எனிதிங் டு டிக்ளேர், சார்?" என்றான். ரெனாட்டோ பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

படையலுக்குச் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். ராஜம்மாளுக்கு அது தெரியாது, சொல்ல ஆளும் இல்லை. அதனால் ரெனாட்டோவைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குளிர்ல இவங்க ஊர்ல பட்டாளத்துக்காரங்க இன்னா தின்னாங்கன்னு கேளு." ரெனாட்டோ யோசித்தார். இந்தியச் சிப்பாய்கள் வெடிமருந்துப் பெட்டியின் இரும்பு மூடியை அடுப்பில் வைத்து ரொட்டி சுடுவார்களாம். வாசனை வந்ததும் குகையிலிருந்த குழந்தைகள் ஓடிப்போய் நிற்பார்களாம். அவர் அம்மா சாகும்வரைக்கும் அந்த ரொட்டியைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ராஜம்மாள் எழுந்து குசினிக்குள் போனார். சோறு, கறி, வடைக்கு நடுவில் இரண்டு ரொட்டியும் இலையில் வந்தது.

கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். "உங்க ஊருக் கல்லு, நீங்க தண்ணி ஊத்துங்க" என்று ரெனாட்டோவிடம் செம்பைக் கொடுத்தார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் ஊற்றினார். கற்பூரம் ஏற்றினார்கள். இனி செத்தவரைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்ல வேண்டும். ராஜம்மாள் கைகூப்பி நின்றார். வாய் திறக்கவில்லை.

"கூப்புடும்மா" என்றான் சேகர்.

"எப்பிடிக் கூப்புடறதுன்னு தெரியலடா" என்றார். எண்பது வயதில் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "யாரயும் அப்பிடிக் கூப்ட்டதில்லியே நானு."

சேகர் அணையப்போன கற்பூரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வில்லையை வைத்தான்.

"அப்பா" என்றார் ராஜம்மாள், மெதுவாக. பிறகு கொஞ்சம் உரக்க, "அப்பா, வந்து சாப்புடுப்பா."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒருமுறை வாய் திறந்தவருக்கு அடைக்கத் தெரியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஏம்ப்பா, வவுத்துப் புள்ளக்காரிய வுட்டுட்டு எவன் ஊருக்கோ பாலம் கட்டப் போனியே, உனக்கு அறிவு இருந்துச்சா? அந்தப் பொம்பள பட்ட பாடு உனக்குத் தெரியுமா? என் கலியாணத்துக்கு யாரு வந்து நின்னா?" திட்டு நீண்டுகொண்டே போனது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

ரெனாட்டோ என் காதருகே குனிந்தார். "என்ன சொல்கிறார்?"

"மகள் அப்பாவோடு சண்டை பிடிக்கிறா" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் பேசட்டும் என்று இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றார்.